டெக்குக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்

போன வருடம் ஆடி மாதம் அம்மாவுக்கு 75 வயது முடிந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்த மர டெக்கில்தான் கேக் வெட்டினோம். இருபத்தைந்து பேர் இருப்போம். படம் எடுப்பதற்காக எல்லோரும் அம்மாவைச் சுற்றி ஒரே பக்கமாக நெருங்கி நின்றபோது என் காலுக்குக் கீழே ஓர் அசைவு. யாழ்ப்பாணத்தில் நயினாதீவுப் படகு குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து முட்டும்போது உடம்பு ஒரு தரம் முன்னுக்குப் போய் வருமே, அப்படி. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "எல்லாரும் புல்லிலை இறங்கி நில்லுங்கோ, அங்கைதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்று சொல்லி ஒவ்வொருவராகக் கீழே அனுப்பினேன். கடைசியாக அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கனடாவில் பின்வளவு டெக் என்றால் வெயிற்காலத்தில் நாற்காலி போட்டு இருக்கிற இடம், இறைச்சி வாட்டுகிற இடம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் விறாந்தை. வீட்டுக்குள் மீன் பொரித்தால் மணம் மூன்று நாளைக்குச் சுவரில் நிற்கும் என்று காஸ் அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்தவர் அவர். மோர்மிளகாய் காய்வது அங்கே. கறிவேப்பிலைச் சாடி மே மாதம் வெளியே வந்து செப்டெம்பர் வரை நிற்பதும் அங்கேதான். பனி கொட்டுகிற ஐந்து மாதமும் சன்னலுக்குள்ளால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அன்றிரவுதான் உறைத்தது. 2006இல் வீட்டை வாங்கும்போதே டெக் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேலே சாயம் அடித்தேன். கீழே ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

தேடிப் பார்த்ததில் முதலில் கண்ணில் பட்டது பெர்க்லிச் செய்தி. 2015 ஜூன் 16, கலிபோர்னியாவில் ஒரு ஐந்தாம் மாடிப் பால்கனி. அதுவும் பிறந்தநாள் விழாதான், 21 வயதுப் பிள்ளைக்கு. பால்கனியைச் சுவரோடு தாங்கிய மரங்கள் உள்ளே நீர் புகுந்து உக்கியிருந்தன. ஆறு பேர் இறந்தார்கள். பலர் கோடை விடுமுறைக்கு அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். அதற்கு முன் 2003 ஜூன் 29இல் சிக்காகோவில் ஒரு மூன்று மாடி வீட்டின் பின்பக்க மரத்தாழ்வாரம் விழுந்து 13 பேர். பெர்க்லிக்குப் பிறகு கலிபோர்னியா 2018இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அடுக்குமாடிகளின் மரப் பால்கனிகளை ஆறு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும் என்று சொன்னது. என்னுடைய டெக் நிலத்திலிருந்து நாலடி உயரம்தான். ஆனால் நாலடியிலிருந்து விழுந்தாலும் 75 வயது இடுப்பு எலும்பு தாங்காது.

விடிந்ததும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே நுழைந்தேன். வீட்டில் டெக் இருப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு காரியத்தையாவது செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகைகளைப் பார்க்கவேண்டாம், அவற்றைத் தாங்குகிற மரங்களைக் குத்திப் பாருங்கள். தூண் மண்ணைத் தொடுகிற இடம், ஜோயிஸ்ட் என்கிற குறுக்கு மரங்களின் நுனி, வீட்டுச் சுவரோடு பிடித்திருக்கிற லெட்ஜர் பலகை, படிக்கட்டின் அடி. நல்ல மரம் நுனியைத் தடுக்கும். உக்கிய மரம் பழைய கேக் மாதிரி இடம் கொடுக்கும். என்னுடைய லெட்ஜரில் ஸ்க்ரூ டிரைவர் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியது. வெளியே இழுத்தபோது மண்ணிறத் தூள் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

மரம் தன்பாட்டில் உக்குவதில்லை. அதைத் தின்பது பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் வாலாட்டாது. ஆகவே பராமரிப்பு என்கிற எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: நனைந்த மரம் காய வழி செய்வது. இரண்டு பலகைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் மேப்பிள் சருகு அடைத்து நின்றால் அந்த இடம் காயாது. சாடியை நேராகப் பலகைமேல் வைத்தால் அடி காயாது. சுவருக்கும் லெட்ஜருக்கும் நடுவே தகரத் தகடு வைத்து நீரை வெளியே திருப்பாவிட்டால் அந்த இடம் வருடம் முழுவதும் ஈரம்தான். எங்களதில் தகடே இல்லை. அம்மாவின் கறிவேப்பிலைச் சாடி இருந்த இடத்துக்கு நேர் கீழே ஜோயிஸ்டின் முதுகு கறுத்துப்போயிருந்தது.

இனி ஆள் பிடிக்கிற கதை.

முதலாமவர் தொலைபேசியில் பேசினார். இரண்டு படம் அனுப்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் விலை வந்துவிட்டது. பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை போட்டுத் தருவாராம். கீழே என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. இரண்டாமவர் கதவில் செருகியிருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து நான் அழைத்தவர். நேரில் வந்தார், டெக்கின்மேல் நின்றபடி நீளம் அகலம் அளந்தார். பாதிப் பணம் இன்றைக்கே காசாக வேண்டும், பேர்மிற் எடுத்தால் சும்மா நாள் போகும், ரசீது இல்லாவிட்டால் வரி மிச்சம் என்றார். அனுப்பிவிட்டேன். ரசீது இல்லாத வேலையில் நாளைக்குப் பிழை வந்தால் காட்டுவதற்கு என் கையில் ஒன்றுமிருக்காது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்டால் சொல்லப் பதிலுமிருக்காது.

மூன்றாவதாக மச்சானுக்குத் தெரிந்த ஒரு தம்பி. பருத்தித்துறைப் பக்கம். பேஸ்மென்ட் வேலையில் கைதேர்ந்தவர் என்று பெயர். வந்து கைப்பிடியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். "அண்ணை, உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது. நான் உள்வேலைக்காரன். இது வெளிவேலை, அத்திவாரத்தோடை சம்பந்தப்பட்டது. எனக்குச் சரிவராது. ஒரு ஆளைச் சொல்லுறன், அவரைப் பிடியுங்கோ. விலை கூட எடுப்பார், ஆனால் செய்வார்" என்றார். வந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன அந்தத் தம்பிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு ஊரில் நல்ல வேலைக்காரரைக் கண்டுபிடிக்க இன்னொரு நல்ல வேலைக்காரரிடம் கேட்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தமிழ் வணிகக் கையேடு தடித்த புத்தகமாக ஒவ்வொரு வருடமும் வருகிறது. அதில் இலக்கம் இருக்கும். யார் எதில் கெட்டிக்காரர், யார் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் வேலைக்காரர்களுக்குள்தான் தெரியும்.

அப்படி வந்தவர் ஒரு போர்த்துக்கேயத் தச்சர். அறுபது வயதுக்கு மேல். அசோரஸ் தீவுகளில் பிறந்து சின்ன வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவர். காரிலிருந்து இறங்கியதும் ஒரு பழைய தறப்பாளை எடுத்துப் புல்லில் விரித்தார். டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்து டெக்குக்குக் கீழே நகர்ந்து போய்விட்டார். இருபது நிமிடம் சத்தமில்லை. இடையிடையே தட்டுகிற ஒலி மட்டும். மேலே கதவடியில் நின்ற அம்மா "அந்த மனுசன் கீழை என்ன தேடுறார்?" என்று கேட்டார். வெளியே வந்தவர் விலை சொல்லவில்லை. என்னையும் படுக்கச் சொன்னார்.

படுத்தபடி அவர் காட்டியவற்றை நான் மறக்கமாட்டேன். முதலாவது செங்கல். நாங்கள் "செங்கல் வீடு" என்று பெருமையோடு வாங்கிய வீடு உண்மையில் மரவீடு. செங்கல் அதற்குப் போட்ட சட்டை. மரச் சட்டகத்துக்கும் செங்கலுக்கும் நடுவில் ஓர் அங்குலமளவு இடைவெளி இருக்கும், சின்னச் சின்ன உலோகப் பட்டிகள்தான் இரண்டையும் பிடித்திருக்கும். அந்தச் செங்கல் தன் பாரத்தைத் தாங்கும், வேறொன்றின் பாரத்தைத் தாங்குவதற்குக் கட்டப்பட்டதல்ல. எங்கள் டெக்கின் ஒரு பக்கம் முழுவதும் அந்தச் சட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போல்ட் இல்லாமல், ஆணியில். இரண்டாவது தூண்கள். தோண்டிப் புதைக்காமல் மண்ணின்மேல் வைத்த கொங்கிரீட் கட்டைகளில் நின்றன. நீர் உறையும்போது 9 சதவீதமளவு பருக்கும். மாரியில் நிலத்தின் ஈரம் உறைந்து கட்டையை உயர்த்தும், இளவேனிலில் இறக்கிவிடும், ஆனால் பழைய இடத்தில் இறக்காது. ரொறன்ரோப் பக்கம் அத்திவாரம் நாலடி ஆழம் போகவேண்டும் என்பது இதற்காகத்தான். அந்த ஆழத்துக்குக் கீழே நிலம் உறையாது.

மூன்றாவது மரத்தின் நிறம். பச்சை கலந்த சாம்பல். முன்பிருந்தவர்கள் தொண்ணூறுகளில் கட்டியது. அக்காலத்து மரத்தில் உக்காமலிருக்க ஏற்றிய மருந்தில் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக்கும் இருந்தது. வீட்டுப் பாவனைக்கு அதைக் கொடுப்பதை 2003 முடிவோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்திவிட்டார்கள். அந்த மரத்தை அரத்தாளால் தேய்க்கக்கூடாது, தூள் மூக்கில் போகும். எரிக்கவே கூடாது, சாம்பலில் ஆர்செனிக் நிற்கும். நான் ஒரு வருடம் கைமிஷின் வைத்துத் தேய்த்திருக்கிறேன், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க. டெக்கின் ஓரத்து மண்ணில் அம்மா கீரை போட்டிருந்தார். அந்தப் பாத்தியை அன்றைக்கே கைவிட்டோம்.

"திருத்த ஏலாது, கழற்றவேணும்" என்றார். அவர் சொன்ன விலை முதலாமவருடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கையால் கீறிய படமும், எந்த இடத்தில் எந்தப் போல்ட் என்கிற பட்டியலும் சேர்ந்து வந்தன. சுவரில் தொங்காமல் நான்கு பக்கமும் தன் தூணில் தானே நிற்கிற டெக். பக்கவாட்டு அசைவுக்குத் தூண்களில் சரிவுத் தாங்கிகள். சதுர அடிக்கு 40 இறாத்தல் பாரம் என்று கணக்கு. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி டெக்குக்கு அது மூன்றரைத் தொன். இருபத்தைந்து பேர் நின்று படம் எடுக்கலாம்.

நான் அவரிடம் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்ல ஆசை. நேற்று முடித்த டெக்கைக் காட்டவேண்டாம், ஐந்து மாரி கண்ட டெக்கைக் காட்டுங்கள் என்றேன். புதிதாக முடித்த எதுவும் அழகாகத்தான் இருக்கும். அவர் யோசிக்காமல் பிக்கரிங்கில் ஒரு முகவரி சொன்னார். நான் போய் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். அதற்குள் எனக்கும் படுத்துப் பார்க்கப் பழகிவிட்டது. காப்புறுதிச் சான்றிதழ், வேலைசெய்பவர்களுக்கான விபத்துக் காப்புறுதிச் சபையின் (டபிள்யூஎஸ்ஐபி) சான்று இரண்டையும் கேட்டவுடன் தந்தார். கேட்டால் முகம் சுளிக்கிறவர் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சட்டம் எங்களுக்குத் தருகிற பாதுகாப்பை எங்கள் ஆட்கள் பலர் அறியாமல் இருப்பது எனக்குக் கவலை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை என்று எழுதியிருந்தால், இடையில் நீங்கள் வேறு வேலை சேர்த்து ஒப்புக்கொள்ளாதவரை அதற்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும். மரம் விற்றவருக்கோ கூலிக்காரருக்கோ தச்சர் காசு கொடுக்காமல் விட்டால் அவர்கள் உங்கள் வீட்டின்மேல் உரிமை கோரலாம் என்பதால் வந்த ஏற்பாடு அது. இதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது சட்டம்தானே" என்று அவரே எழுதிவைத்துக்கொண்டார்.

பேர்மிற் எடுத்தோம். நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் பெரும்பாலும் வேண்டும். ஊருக்கு ஊர் விதி வேறு, உங்கள் நகரசபைக் கட்டட அலுவலகத்தைக் கேளுங்கள். கைப்பிடி 900 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, டெக் ஆறடிக்கு மேல் உயர்ந்தால் 1070. கம்பிகளுக்கு இடைவெளி 100 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, குழந்தையின் தலை நுழையாத அளவு. கிடங்கு தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் ஓடுகிற இடத்தைக் காட்டித்தருகிற ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொன்னால் இலவசமாக வந்து நிலத்தில் நிறம் அடித்துவிட்டுப் போவார்கள்: காஸ் மஞ்சள், மின்சாரம் சிவப்பு, தொலைபேசி செம்மஞ்சள். ஒரு தூணின் இடத்திலிருந்து இரண்டடியில் மஞ்சள் கோடு ஓடியது. கொங்கிரீட் ஊற்றும் முன் நகரசபைப் பரிசோதகர் வந்து கிடங்கின் ஆழத்தை அளந்தார். பேர்மிற்றை நாள் கடத்துகிற தொல்லை என்று நினைத்திருந்தவன் நான். என் பக்கத்தில் நின்று இன்னொரு கண் பார்க்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

பழைய டெக்கைப் பிரிக்கிற அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஆணியோடு இறுகிய பலகையைப் பெயர்க்க அவர் உதவியாளரிடம் நீளக் கம்பியைக் கேட்டார், தன் பாஷையில். "அலவங்கா" என்று காதில் விழுந்தது. அம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். "தம்பி, அவர் அலவாங்கு கேக்கிறார்" என்றார். அதே சொல்தான். நானூறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனது. அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொருளைக் காட்டிச் சொல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சன்னல், ஜனேலா. மேசை, மேசா. சாவி, ஷாவி. விறாந்தை, வரந்தா. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அவருக்குத் தமிழ் இல்லை. என்றாலும் பேசினார்கள்.

புது மரத்தில் ஆர்செனிக் இல்லை, செம்புதான் அதிகம். அந்தச் செம்பு சாதாரண ஆணியை அரித்துத் தின்னும். சூடாக நாகம் பூசிய ஆணி, ஸ்க்ரூ, தாங்கிகள்தான் போடவேண்டும், அல்லது துருப்பிடிக்காத உருக்கு. வீட்டில் மிச்சம் கிடந்த ஸ்க்ரூவை எடுத்து நாமே ஒரு பலகையை முடுக்கிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிட வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி இனிச் சொல்ல அதிகம் இல்லை. வருடத்தில் இரண்டு நாள் போதும். பனியை மரத்தின் நீளவாட்டில் பிளாஸ்டிக் சவளால் தள்ளுங்கள், உப்பைப் போடாமல் மணலைத் தூவுங்கள், உப்பு ஆணிகளுக்கு எமன். பிரஷர் வாஷரை மரத்துக்குக் கிட்டப் பிடித்தால் நார் கிளம்பிப் பலகை பஞ்சாகிவிடும். தும்புத்தடியும், ஒட்சிசன் பிளீச் கரைத்த நீரும் போதும். சாயத்தில், மேலே படலமாக நிற்கிற தடித்த வகையை நான் இனித் தொடமாட்டேன். இரண்டு மாரியில் உரியும், உரிந்த இடத்தால் நீர் போகும், போன நீர் வெளியே வராது. மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் ஸ்டெயின் நல்லது. அதுவும் புது மரம் காய்ந்த பிறகு. நாலு துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பொறுங்கள், உறிஞ்சினால் அடிக்கலாம். நான் இந்த ஆனியில் அடித்தேன். துடைத்த துணிகளைச் சுருட்டிக் கராஜ் மூலையில் போடவேண்டாம். எண்ணெய் காயும்போது சூடு பிறந்து தானாகத் தீப்பிடிக்கும். நீர் நிறைத்த தகர வாளியில் போட்டு மூடி வையுங்கள். இதைப் படிக்கிற யாராவது வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலை முடித்துப் போகும்போது தச்சர், "முதல் மாரி கழியட்டும். மரம் காய்ந்து சுருங்கும், போல்ட் இளகும். வந்து இறுக்குவேன்" என்று சொல்லியிருந்தார். பிடித்துவைத்த 10 சதவீதம் எப்போதோ கொடுத்து முடிந்துவிட்டது. வருவார் என்று நான் நினைக்கவில்லை. வைகாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை வாசலில் அவருடைய வான் நின்றது. அதே தறப்பாள். படுத்து உள்ளே போனார். ஒவ்வொரு போல்டாகச் சாவி போட்டு இறுக்குகிற சத்தம் கேட்டது. மேலே அடுப்படியில் அம்மா சாளை பொரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் மூக்கை உயர்த்தி "சார்டீன்யா?" என்று கேட்டார். அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தட்டை எடுத்து நீட்டினார். அவர் புதுப் படிக்கட்டில் இருந்து முள்ளோடு ஆறு மீன் சாப்பிட்டார்.